விற்றவை மட்டுமே விளையாட்டுகளா?

பழமையைப் போற்றுவது வேறு. பழமையை விற்பது வேறு. முன்னது நன்றியுணர்வின் பாற்பட்டது. பின்னது வாணிகத்தின் பாற்பட்டது. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவோர் பெருகிவிட்ட காலம் இது. அம்மயக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதை அறிய விரும்புவோர் வீடியோ விளையாட்டுகளின் உலகை ஒருமுறை உற்று நோக்கினால் போதும்.

2016ஆம் ஆண்டில் நிண்டென்டோ நிறுவனம், தான் 1980களில் விற்ற விளையாட்டுப் பெட்டியை உள்ளங்கையளவாகச் சுருக்கி, அதனுள் 30 விளையாட்டுகளை அடக்கி மீண்டும் விற்றது. 2018இல் சோனி நிறுவனம் தன் முதல் பிளேஸ்டேஷனை அவ்வாறே சுருக்கி 20 விளையாட்டுகளை உள்ளே வைத்தது. 2019இல் செகா நிறுவனம் தன் மெகா டிரைவ் பெட்டியைச் சுருக்கி 42 விளையாட்டுகளை வழங்கியது. அதே செகா 2020இல் ஜப்பானில், கேம் கியர் என்னும் தன் பழைய கையடக்கப் பெட்டியை மேலும் சிறிதாக்கி நான்கு நிறங்களில் வெளியிட்டது. ஒவ்வொரு நிறத்திலும் நான்கே விளையாட்டுகள். பதினாறையும் ஆட விரும்புவோர் நான்கு பெட்டிகளையும் வாங்கியாக வேண்டும்!

வாங்கியோர் மகிழ்ந்தனர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அண்ணனும் தம்பியும் சம்மணமிட்டு அமர்ந்து ஆடிய நாள்களை எண்ணிக் கண்கலங்கினர். அதில் தவறில்லை. இளமை நினைவு எவருக்கும் இனியதே. ஆயினும் எந்த நினைவு இனியது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வெளிவந்த ஒரு பெட்டிக்கு இருபதோ முப்பதோ போதும் என்று முடிவு செய்தவர் யார்? ஆடியவரா? ஆக்கியவரா? இல்லை, விற்பவர். அன்று நன்கு விற்றதையே இன்றும் விற்கிறார். அன்று விற்காதது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதற்கு 'நினைவு' என்று பெயர் சூட்டுவது பொருந்துமா? கடைக்காரரின் கணக்கேட்டை வரலாறு என்று கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வழக்கைத் தெளிவாக விளக்கவல்ல சான்று ஒன்று உண்டு. அதுவே செகா சாட்டர்ன்.

சனி பிடித்த பெட்டியா?

சாட்டர்ன் என்பது சனிக்கோளின் பெயர். பெயரை வைத்தே அதன் விதியை நகையாடுவோர் உளர். ஆனால் அப்பெட்டிக்கு நேர்ந்தது கோளின் குற்றமன்று, மனிதரின் குற்றம்.

1994 நவம்பர் 22ஆம் நாள் ஜப்பானில் 44,800 யென் விலையில் சாட்டர்ன் வெளிவந்தது. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 3ஆம் நாள், சோனியின் பிளேஸ்டேஷன் 39,800 யென்னுக்கு வந்தது. ஜப்பானில் சாட்டர்ன் தோற்ற பெட்டியன்று. அங்கு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன. செகா தன் தாய்நாட்டில் விற்ற பெட்டிகளுள் இதுவே மிகுதியாக விற்றது. நிண்டென்டோ 64 என்னும் புகழ்மிக்க போட்டிப் பெட்டியையும் அந்நாட்டில் இது சற்றே முந்தி நின்றது.

அமெரிக்காவில் கதை வேறு. 1995 செப்டம்பர் 2ஆம் நாள் வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டிருந்த பெட்டியை, அவ்வாண்டு மே 11ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த முதல் இ3 கண்காட்சி மேடையில், இன்றே கடைகளில் கிடைக்கும் என்று செகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி அறிவித்தார். விலை 399 டாலர். நான்கு கடைத்தொடர்களுக்கு மட்டுமே சரக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஏனைய கடைக்காரர்கள் புறக்கணிக்கப்பட்டதாக எண்ணிச் சினந்தனர். செப்டம்பரை நோக்கி உழைத்துக்கொண்டிருந்த பிற விளையாட்டு நிறுவனங்கள் திகைத்தன. அவற்றின் ஆக்கங்கள் முடியவில்லை. ஆகவே பெட்டி வந்தது. ஆடுவதற்குரிய விளையாட்டுகள் வரவில்லை. அன்றே சோனியின் பேச்சாளர் மேடையேறினார். 299 என்னும் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நூறு டாலர் வேறுபாடு போரின் முடிவை அன்றே எழுதிவிட்டது எனலாம்.

உலகெங்கும் சாட்டர்ன் விற்பனை ஏறத்தாழ 92 இலட்சத்தில் நின்றது. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது. 1997ஆம் ஆண்டிலேயே, சாட்டர்ன் தங்கள் எதிர்காலமன்று என்று செகாவின் அமெரிக்கக் கிளைத் தலைமை வெளிப்படையாகக் கூறிவிட்டது. விற்கும் பொருளைத் தன் வாயாலேயே கொன்ற வணிகர் உலகில் மிகச் சிலரே. 1998 நவம்பர் 27ஆம் நாள் டிரீம்காஸ்ட் என்னும் புதிய பெட்டி ஜப்பானில் வந்தது. 2001 ஜனவரியில், இனிப் பெட்டிகளே செய்வதில்லை என்று செகா அறிவித்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஜப்பானில் வென்ற பெட்டி அமெரிக்காவில் தோற்றது. பெட்டி ஒன்றே. எனின், சந்தையின் தீர்ப்பு எதைப்பற்றிய தீர்ப்பு? விளையாட்டின் தரத்தைப் பற்றியதா? அல்லது விலை, விளம்பரம், வெளியிட்ட நாள், கடைக்காரர் கோபம் ஆகியவற்றைப் பற்றியதா? விடை வெளிப்படை. வெளிப்படையான இவ்விடையை மறைத்துவிட்டு, 'நல்லனவாயின் விற்றிருக்கும். விற்காதவை நல்லன அல்ல' என்று உரைப்போரின் வாதம் நீர்மேல் எழுத்தே.

கண்டுகொள்ளப்படாத செல்வங்கள்

சாட்டர்னின் பெயர் கேட்டதும் பலரும் சொல்வன இரண்டு மூன்று பெயர்களே. வர்ச்சுவா ஃபைட்டர் 2 என்பர். செகா ராலி என்பர். சிலர் நைட்ஸ் இன்டு டிரீம்ஸ் என்பர். இவை சிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றோடு பேச்சை முடித்துக்கொள்வது, பெருங்காப்பியத்தின் பாயிரத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவைப்பது போன்றதாகும்.

1998இல் வெளிவந்த 'பான்ஸர் டிராகூன் சாகா' என்னும் ஆக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். யுகியோ ஃபுதாட்சுகி என்பவரின் தலைமையில் செகாவின் ஆன்ட்ரோமெடா குழு இதனை ஆக்கியது. நான்கு குறுந்தட்டுகளில் அமைந்தது. அழிந்துபோன பழைய நாகரிகம் ஒன்றின் இடிபாடுகளுக்கிடையே வாழும் மக்கள், அந்நாகரிகம் விட்டுச்சென்ற படைக்கலங்களுக்காகப் போரிடுகின்றனர். எட்ஜ் என்னும் இளைஞன் பறவைநாகம் ஒன்றின் முதுகேறி அவ்வுலகைக் கடக்கிறான். அக்காலத்துக் கதை விளையாட்டுகளில் போர் என்றால் இரு தரப்பினரும் எதிரெதிரே நின்று முறைவைத்து அடித்துக்கொள்வதே வழக்கம். இதிலோ பறவைநாகம் பகைவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. எத்திசையில் நின்றால் தாக்கலாம், எத்திசையில் நின்றால் தாக்கப்படலாம் என்பதை ஆடுபவர் ஒவ்வொரு நொடியும் எண்ணியாக வேண்டும். நின்ற இடமே போரின் உயிர் ஆகிறது. இந்தத் தொடரின் முதல் விளையாட்டான 1995ஆம் ஆண்டின் 'பான்ஸர் டிராகூன்' தனக்கென்று ஒரு மொழியையே புனைந்து, பாத்திரங்களை அம்மொழியில் பேச வைத்தது. ஒரு விளையாட்டுக்காக மொழி படைத்தவர்களைப் 'பொழுதுபோக்கு வணிகர்' என்று ஒதுக்கிவிட முடியுமா?

இத்தகைய ஆக்கத்தின் நிலை யாது? மேலை நாடுகளில் சாட்டர்ன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த இறுதி மாதங்களில் மிகக் குறைந்த படிகளே வெளியாயின. அதன் பின் கால் நூற்றாண்டு கடந்தது, மறுபதிப்பு இல்லை. அதன் மூல நிரலே தொலைந்துபோயிற்று என்று பரவலாகக் கூறப்படுகிறது. பழம்பொருள் சந்தையில் ஒரு படி பல நூறு டாலருக்கு விற்கிறது. ஆக்கியவர்க்கு அதில் ஒரு காசும் இல்லை. ஆட விரும்பும் ஏழை மாணவனுக்கு அங்கே இடமும் இல்லை.

'ஷைனிங் ஃபோர்ஸ் 3' என்பதன் கதை இன்னும் கொடிது. 1997 டிசம்பரிலிருந்து 1998 செப்டம்பர் வரை ஜப்பானில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. பேரரசு ஒன்றுக்கும் அதிலிருந்து பிரிந்த குடியரசு ஒன்றுக்கும் இடையே போர். முதற்பாகத்தில் ஆடுபவர் குடியரசின் படைத்தலைவன். இரண்டாம் பாகத்தில் அதே போரைப் பேரரசின் இளவரசனாக நின்று காண்கிறார். மூன்றாம் பாகத்தில் இருதரப்பையும் சாராத கூலிப்படை வீரன் ஒருவனின் வழியாக முடிவை எட்டுகிறார். ஒரு பாகத்தில் செய்த செயலின் விளைவு அடுத்த பாகத்தில் எதிரொலிக்கிறது. பகைவன் எனக் கருதியவனின் உள்ளத்தினுள் புகுந்து பார்க்கும் பயிற்சியன்றோ இது? இதனினும் உயர்ந்த அறப்பாடம் எது? ஆனால் ஆங்கிலத்தில் வந்தது முதற்பாகம் மட்டுமே. மற்ற இரண்டையும் நிறுவனம் மொழிபெயர்க்கவில்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு நீதி வழங்கும் நிலைக்கு மேலைநாட்டு வாசகர் தள்ளப்பட்டனர். பின்னர் ஊதியம் எதுவும் பெறாத ஆர்வலர் பல்லாண்டு உழைத்து எஞ்சியவற்றை ஆங்கிலத்தில் தந்தனர். நிறுவனம் செய்ய வேண்டிய பணியை இரசிகர் செய்தனர்.

1996இல் வந்த 'டிராகன் ஃபோர்ஸ்' எட்டு மன்னர்களின் கதை. எவரைத் தேர்ந்தாலும் கதை அவர் கண்வழியே விரியும். பக்கத்துக்கு நூறு பேராக இருநூறு வீரர்கள் ஒரே திரையில் மோதுவர். 1998இன் 'பர்னிங் ரேஞ்சர்ஸ்' கொலைத்தொழிலை விட்டு மீட்புத்தொழிலை மையமாகக் கொண்டது. எரியும் கட்டடத்தினுள் புகுந்து மாந்தரை மீட்பதே அதன் நோக்கம். வழிகாட்ட வரைபடம் இல்லை. தொலைவிலிருந்து ஒரு குரல் வழி சொல்லும். 'வலப்புறம் திரும்புக' என்னும் குரலை நம்பிப் புகைக்குள் ஓட வேண்டும். மீட்கப்பட்டவர்கள் பின்னர் நன்றி மடல் அனுப்புவார்கள்! துப்பாக்கியே விளையாட்டின் இலக்கணம் என்று குறைகூறும் பெற்றோரும் ஆசிரியரும் இத்தகைய ஒன்று இருந்ததை அறிவரா? அறியார். அறிய வைத்தவரும் இலர்.

1996இன் 'சகுரா வார்ஸ்' டோக்கியோ நகரின் நாடக அரங்கொன்றை மையமாக வைத்துப் புனைந்த கதை. மேடையில் நடிக்கும் மங்கையரே நகரைக் காக்கும் வீராங்கனையர். ஜப்பானில் பெரும்புகழ் பெற்றுத் தொடராக வளர்ந்தது. சாட்டர்னில் வந்த அந்த முதல் ஆக்கத்துக்கும் ஆங்கில வடிவத்தை நிறுவனம் தரவில்லை. 2019இல் ஆர்வலர்களே தந்தனர்.

இவற்றை அறிந்தவர் சிலர். ஆடியவர் அதனினும் சிலர். இவை இல்லாமலேயே 'அந்தக் காலத்து விளையாட்டு' என்று பேசுவோர் பலர்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: 'சாட்டர்னின் அமைப்பே குறையுடையது, அதனால்தான் நல்ல விளையாட்டுகள் அதில் எழவில்லை.' இது பாதி உண்மை. ஹிட்டாச்சியின் இரு செயலிகள் ஒரே பாதையைப் பகிர்ந்து வேலை செய்தன; படம் வரைவதற்கு மேலும் இரு தனிச் செயலிகள். பிற பெட்டிகள் முக்கோணங்களைக் கொண்டு முப்பரிமாண உருவங்களைக் கட்ட, சாட்டர்ன் நாற்கோணங்களைக் கொண்டு கட்டியது. ஆகவே அதனை ஆள்வது கடினம். பிற பெட்டிக்கு எழுதியதை இதற்கு மாற்றியவர்கள் இடறினர்; மாற்றங்கள் மெலிந்தன. ஆனால் கடினமான யாப்பில் நல்ல பாட்டு எழாது என்று தமிழ் கற்றவர் எவரேனும் கூறுவரா? யாப்பை ஆளத் தெரியாதவன் தடுமாறுவான்; தெரிந்தவன் அதனாலேயே ஒளிர்வான். டிரெஷர் என்னும் சிறு குழு இதே பெட்டியில் 1996இல் 'கார்டியன் ஹீரோஸ்' படைத்தது; 1998இல் 'ரேடியன்ட் சில்வர்கன்' படைத்தது. பின்னது சாட்டர்ன் வடிவில் ஜப்பானை விட்டு வெளியேறவே இல்லை. இரண்டும் 2011இல் வேறொரு பெட்டிக்கு மறுபதிப்பாக வந்தபோது, புதிய தலைமுறை அவற்றை வியந்து ஏற்றது. குறை ஆக்கத்தில் இருந்ததா, அதை அடைய முடியாத நிலையில் இருந்ததா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இரண்டாம் மறுப்பு: 'விளையாட்டுத்தானே! போனால் போகட்டும்.' இவ்வாறே ஒரு காலத்தில் திரைப்படத்தைப் பற்றியும் கூறினர். ஊமைப்படங்கள் வெறும் கேளிக்கை என்று கருதிச் சுருள்களை எரித்தனர். கிடங்கு காலியாக வேண்டும் என்று குப்பையில் எறிந்தனர். விளைவு? அமெரிக்க ஊமைப் படங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு முற்றாக அழிந்துவிட்டதாக அந்நாட்டு காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இன்று அப்படங்களுக்காகப் பேராசிரியர்கள் ஏங்குகின்றனர். கேளிக்கை என்று எறிந்ததைக் கலை என்று உணர்வதற்குள் சாம்பலே எஞ்சியது. அதே தவறு வேறு வடிவில் மீண்டும் நிகழ வேண்டுமா?

பனையோலை ஏடுகள் செல்லுக்கு இரையானதையும், அவற்றைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பையும் அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பயன் உணர்ந்த பின் காப்போம் என்பவர் ஒன்றையும் காப்பதில்லை. காத்த பின்பே பயன் உணரப்படும்.

மூன்றாம் மறுப்பு: 'உரிமை நிறுவனத்துடையது, அது விரும்பினால் வெளியிடும், விரும்பாவிடில் பூட்டி வைக்கும்.' உரிமையை மறுப்பார் யாருமிலர். ஆயின் உரிமைக்கு இணையாகக் கடமையும் உண்டு. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் எவ்வகையிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பத்தில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலானவை மட்டுமே நேர்வழியில் வாங்கத்தக்கவை. எஞ்சியவற்றை நாடுவோர் பழம்பொருள் சந்தைக்குப் பெருந்தொகை அளிக்க வேண்டும். அல்லது நெடுந்தொலைவு சென்று காப்பகத்தின் கதவைத் தட்ட வேண்டும். அல்லது சட்டத்தை மீற வேண்டும். இத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே ஆடிப் பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதனை மறுத்தது. ஆய்வு என்ற பெயரில் மக்கள் மகிழ்ச்சிக்காக ஆடிவிடுவார்களோ என்னும் அச்சம் எதிர்ப்பாளரின் வாதங்களுள் ஒன்றாக முன்வைக்கப்பட்டது! நாவலை மாணவன் மகிழ்ந்து படித்துவிடுவான் என்று அஞ்சி நூலகத்தைப் பூட்டியவர் எங்கேனும் உண்டோ? விற்கவும் மாட்டார், விற்காததை ஒருவர் படிக்கவும் விடார். 'தானும் உண்ணான், பிறரையும் உண்ணவிடான்' என்னும் வைக்கோற்போர்க் கதைதான் இது.

ஜப்பானின் நிலையும் கவனிக்கத்தக்கது. அந்நாட்டுத் தேசிய நாடாளுமன்ற நூலகம் நூல்களை மட்டுமின்றிக் குறுந்தட்டு முதலிய மின்னியல் வெளியீடுகளையும் சட்டப்படி பெற்றுச் சேர்க்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபரில். அதற்குள் சாட்டர்னின் விளையாட்டுகள் ஏறத்தாழ அனைத்தும் ஜப்பானில் வெளிவந்துவிட்டன. அதாவது, பெட்டியின் வாழ்வு பெரும்பாலும் முடிந்த பிறகே காப்புச் சட்டம் பிறந்தது. பெட்டி பிறந்த நாட்டிலேயே அதன் ஆக்கங்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சட்டக் காப்பு தவறிப்போயிற்று. கியோத்தோ நகரின் ரிட்சுமேய்கான் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் அறிஞர்கள் சேகரிப்புப் பணியை மேற்கொண்டுள்ளனர், அவர்கள் பாராட்டுக்குரியவர்கள். எனினும் ஒரு நாட்டின் பொறுப்பைச் சிலர் தோளில் மட்டும் ஏற்றுவது முறையாகாது.

இரசிகரின் குற்றம்

நிறுவனத்தையும் சட்டத்தையும் குறைகூறிவிட்டு இரசிகரை விட்டுவிடுவது நேர்மையாகாது. பழம்பெட்டிகளைப் போற்றுவதாகக் கூறுவோரின் பங்கும் இக்குற்றத்தில் உண்டு.

2021 ஜூலையில், உறை பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' படி ஒன்று அமெரிக்காவில் 15 இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்த விளையாட்டு அது, அரியதன்று. உறை பிரிக்கப்படவில்லை என்பதே அதன் விலை. உறையைப் பிரித்தால் விலை போய்விடும். ஆகவே எவரும் ஆடக்கூடாது என்பதே அதன் மதிப்பு! இதற்குப் பெயர் பற்றா? படிக்காத நூலைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூசையறையில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. நூலுக்கு அதனால் பெருமையுமில்லை, பூசைக்குப் பயனுமில்லை.

மற்றொரு சாரார் உளர். அவர்கள் ஆண்டுதோறும் 'மறக்க முடியாத பத்து' என்று பட்டியல் இடுவர். ஒருவர் பட்டியலை மற்றவர் பெயர்த்தெழுதுவர். எல்லாப் பட்டியலிலும் அதே பெயர்கள். எவரும் புதிதாக ஒன்றைத் தேடி ஆடிப் பார்த்து எழுதுவதில்லை. 'ஆகா, எத்துணை இனிய நாள்கள்!' என்னும் பெருமூச்சோடு கட்டுரை முடிந்துவிடும். அவ்விளையாட்டு எவ்வாறு அமைந்தது, எதனால் சிறந்தது, எங்கே பிழைத்தது என்பது பற்றி ஒரு சொல் இராது. பெருமூச்சு வரலாறு ஆகாது. தன் இளமைக்காக அழுபவன் விளையாட்டுக்காக அழவில்லை, தனக்காகவே அழுகிறான்.

மறக்கப்பட்டவை யாவும் மாணிக்கங்கள் என்று எவரும் வாதிடவில்லை. சாட்டர்னில் அவசரத்தில் ஆக்கிய பதர்களும் உண்டு. பிற பெட்டியிலிருந்து அரைகுறையாக மாற்றிய சக்கைகளும் உண்டு. ஆனால் பதரையும் மணியையும் பிரிக்க முறம் வேண்டும். முறத்தில் இடாமலேயே களத்து நெல்லை முழுவதும் தீயிட்டவன் 'பதர்தான் எரிந்தது' என்று கூறினால் எவர் நம்புவர்?

அழியும் காலம் அருகில்

இவ்வழக்கில் காலம் நடுநிலை வகிக்கவில்லை. சாட்டர்ன் பெட்டியினுள், ஆடுபவர் எட்டிய நிலையைக் குறித்து வைக்க 32 கிலோபைட் அளவுள்ள சிறு நினைவகம் உண்டு. அந்நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம். சில ஆண்டுகளில் மின்கலம் வறண்டுவிடும். வறண்ட பின் பெட்டியின் மின்னிணைப்பைத் துண்டித்த நொடியே, நாற்பது மணி நேரம் ஆடிச் சேர்த்த குறிப்பும் சொல்லாமல் மறைந்துவிடும். அப்பெட்டியை வைத்திருந்தோர் அனைவரும் அறிந்த துயரம் இது. புதிய மின்கலம் இடுவது எளிது. பின்புறத்துச் சிறு மூடியைத் திறந்தால் போதும். ஆயினும் இட வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வர வேண்டும்.

குறுந்தட்டும் சாகாவரம் பெற்றதன்று. ஈரத்தாலும் காற்றாலும் அதன் உலோகப் படலம் அரிக்கப்படும். தட்டைப் படிக்கும் கதிர்வில்லை தேயும். பழுது நீக்க வேண்டிய உறுப்புகள் இனிச் செய்யப்படுவதில்லை. போலித் தட்டுகளைத் தடுக்கும் பொருட்டு ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் செகா ஒரு மறைக்குறி வளையத்தை அமைத்தது. அப்பூட்டைத் திறந்து, தட்டில்லாமலேயே பெட்டியை இயக்கும் வழியை ஒரு பொறியாளர் 2016இல் உலகுக்கு அறிவித்தார். பெட்டி வந்து இருபத்திரண்டு ஆண்டு கழித்து! அதுவும் நிறுவனத்தின் ஊழியரன்று, தனிமனிதர் ஒருவரே. சாட்டர்னை இன்றைய கணினியில் போன்மித்து இயக்கும் நிரல்களை எழுதியவர்களும் அத்தகையோரே. செயலிகள் பல ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த அவ்வமைப்பை நுணுகி ஆராய்ந்து மென்பொருளாக மீட்டெழுதுவது எளிய தொழிலன்று. கூலி பெறாமல் அதனைச் செய்தவர்களைத் திருடர் என்று சொல்லும் துணிவு, தன் மூல நிரலையே தொலைத்துவிட்டதாகப் பேர்பெற்ற தொழிலுக்கு எங்கிருந்து வந்தது?

செய்ய வேண்டியவை

வேண்டுவன பெரியவை அல்ல. விற்க விரும்பாத ஆக்கத்தை, குறித்த சில ஆண்டுகளுக்குப் பின் நூலகங்கள் காத்து வழங்க நிறுவனங்கள் இசைய வேண்டும். இசையாவிடில் சட்டம் இசைய வைக்க வேண்டும். நூலுக்கும் இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள காப்பகத் தகுதி வீடியோ விளையாட்டுக்கும் வழங்கப்பட வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் விளையாட்டுக்கெனத் தனித்துறை அமைத்திருப்பது, இது இயலாத செயலன்று என்பதற்குச் சான்று.

இவற்றோடு, எழுதுவோர் செய்ய வேண்டிய பணியும் ஒன்றுண்டு. இலக்கியம் பயின்றவரே இதற்கு மிகவும் தகுதியுடையவர். ஒரு படைப்பை எவ்வாறு அணுகுவது, அதன் உறுப்புகளை எவ்வாறு ஆராய்வது, புகழையும் தரத்தையும் எவ்வாறு பிரித்தறிவது என்பவற்றை வகுப்பறையில் கற்றவர் அவர். பட்டியலிலுள்ள பத்தை விட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றை ஆடிப் பார்த்து, அதன் அமைப்பையும் நிறைகுறையையும் முறையாக எழுதும் மாணவன் ஒருவன், உறை பிரிக்காத படியை இலட்சக்கணக்கில் வாங்கிய செல்வரைவிட அக்கலைக்கு மிகுந்த தொண்டு செய்தவனாவான்.

விற்றவற்றை நினைவில் வைக்க விற்றவர் இருக்கிறார்; அவர் மறக்கமாட்டார், அவருக்கு வருவாய் உண்டு. விற்காதவற்றை நினைவில் வைக்க எவருக்கும் வருவாய் இல்லை. கடமை மட்டுமே உண்டு. அக்கடமையை ஏற்காமல் 'அந்த நாள் ஞாபகம்' பேசுவோர், பின்புற மூடியைத் திறந்து மின்கலத்தை மாற்றச் சோம்பியவரை ஒப்பர். பெட்டி அப்படியே இருக்கும், விளக்கும் எரியும், உள்ளே ஒன்றும் இராது.